விரோதம் இல்லை, ஆனால்…

நான் பேச்சுச் சுதந்திரத்தைப் பற்றி எழுதுகிறவன். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை என்பதால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. வார நாட்களில் புனேயின் கராடிப் பகுதியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வங்கிகளுக்கான நிரல்களில் பிழை பார்க்கிறேன். வார இறுதியில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒரு சிறுபத்திரிகைக்கு ‘மெல்லிய கரங்கள்’ என்று ஒரு தொடர் எழுதுகிறேன். அடிக்காமல், உதைக்காமல், சிரித்த முகத்தோடு மக்களின் வாயைப் பொத்தும் அரசுகளைப் பற்றிய தொடர் அது. பத்திரிகைக்கு இருநூற்று எண்பது சந்தாதாரர்கள். அதில் நாற்பது பேராவது என் கட்டுரையைப் படிக்கிறார்கள் என்கிறார் ஆசிரியர். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, ஆனால் இளகிய மனசுக்காரர்.

இப்படி எழுத எனக்கென்ன தகுதி என்று கேட்டால், ஆறு வருஷம் சிங்கப்பூரிலும் இரண்டு வருஷம் புடாபெஸ்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் பேசுவதற்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் முன்கூட்டிப் பதிவு செய்துவிட்டு அங்கே பேசலாம். என்னைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் பேச ஆளே இல்லை, புல் மட்டும் அழகாக வெட்டியிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு பஃப் தின்றுவிட்டு வந்து, அந்த வெறுமையைப் பற்றிப் பதினான்கு பக்கம் எழுதினேன். புடாபெஸ்டில் என் மேலதிகாரி ஒருநாள் ட்ராமில் சொன்னார்: “இங்கே என்ன வேண்டுமானாலும் பேசலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கேட்கத்தான் ஆள் இருக்காது.” அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மூன்று கட்டுரைகளில் பயன்படுத்தியிருக்கிறேன். நான்காவதிலும் போட்டிருப்பேன், ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார்.

ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் அந்தந்த நாட்டுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவேன். சிங்கப்பூருக்கு நாலரை போட்டேன். அந்த அரை மதிப்பெண்ணுக்காக ஒருவாரம் தூங்கவில்லை. அந்த நாட்டில் இருந்த ஆறு வருஷத்தில் நான் வாய்திறந்து எதிர்த்துப் பேசியது ஒரே ஒருவரிடம்தான். வெந்நீர்க் குழாய் சரிசெய்ய வந்தவரிடம். அவரும் தமிழர்.

“நம்ம ஊரைப் பத்தி எப்ப சார் எழுதப்போறீங்க?” என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருந்தார். தகவல் சேகரித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். புனேக்கு வந்து ஐந்து வருஷமாகிறது. தகவல் என் வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சமைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சொசைட்டியில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். புனேயில் அடுக்குமாடிக் குடியிருப்பை சொசைட்டி என்றுதான் சொல்வோம். தலைவர் கிருஷ்ணஸ்வாமி. பாதுகாப்புத் துறையின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், மராட்டிக்காரர்களே சந்தேகம் கேட்கும் அளவுக்கு மராட்டி பேசுவார். ஒன்பது வருஷமாகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அவர் காலத்தில் ஒருநாள்கூடத் தண்ணீர் லாரி தவறியதில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு மேடை போடுவார், எங்களுக்காகப் பொங்கலும் வைப்பார். என் மனைவி அகல்யாவுக்கு ஒரு காலையில் மூச்சுத்திணறல் வந்தபோது, ஆம்புலன்ஸ் வருவதற்குள் தன் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றவர் அவர். நல்ல மனிதர். நான் சொல்வதில் கேலி எதுவும் இல்லை, உண்மையிலேயே நல்ல மனிதர். அதுதான் தொந்தரவே.

சொசைட்டிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் நிர்வாகிகள் மட்டும்தான் எழுத முடியும். மற்றவர்கள் அவர்கள் எழுதியதற்குக் கீழே கட்டைவிரல் படம் போடலாம். இப்படி ஓர் ஏற்பாட்டை வேறொரு நாட்டில் பார்த்திருந்தால் எட்டுப் பக்கம் எழுதியிருப்பேன். இங்கே நான்தான் முதலில் கட்டைவிரல் போடுகிறவன். காரணம் இருக்கிறது. கூரைக்குக் கீழே, லிஃப்டை ஒட்டி எனக்கொரு கார் நிறுத்துமிடம் கிடைத்திருக்கிறது. அது சட்டப்படி எனக்கு உரியதில்லை. தலைவர் வருஷாவருஷம் ‘தற்காலிகமாக’ நீட்டித்துத் தருவது. புனே வெயிலில் காரை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு என் அரசியல் புரியும்.

இப்போது மல்லிகா. ஆறு வருஷமாக எங்கள் சொசைட்டியில் ஐந்து வீடுகளில் சமைத்தவள். கடைசியாகச் சேர்ந்த வீடு எங்களுடையது. அவளுடைய அப்பா அம்மா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். இவள் பிறந்தது இங்கே புனேயில், எரவாடாவில், படித்தது முனிசிபல் பள்ளியில் மராட்டி மீடியம். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் நேர்மாறு. மராட்டி எழுத்தைக் கூட்டிவிடுவேன், அர்த்தம் தெரியாது. அவளை நான் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவேன். இது எனக்குள் எவ்வளவு பெருமிதமாக இருந்தது என்றால், ஒரு கட்டுரையில் அடிக்குறிப்பாகவே சேர்த்திருந்தேன்.

வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் சர்வீஸ் லிஃப்டில்தான் ஏற வேண்டும் என்பது சொசைட்டியின் விதி. போன மாதம் அந்த லிஃப்ட் பழுதாகிவிட்டது. உதிரிபாகம் வரவேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். பாகம் வரும்வரை படிக்கட்டில் ஏறச் சொன்னார்கள். எங்கள் வீடு பதினோராவது மாடி. மல்லிகாவுக்கு இடது முழங்காலில் வலி. பத்தொன்பது நாள் ஏறி இறங்கினாள்.

வேலைக்காரர்களுக்கென்று நிர்வாகம் நடத்தும் தனிக் குழு ஒன்று இருந்தது. ‘சேவா பரிவார்’, சேவைக் குடும்பம், என்று பெயர். அதில் தினமும் காலையில் ரோஜாப்பூ படம் வரும், பிறகு அன்றைக்குச் செய்யக்கூடாதவை பட்டியல் வரும். அந்தக் குழுவில் பதில் எழுதும் வசதியை அணைத்துவைக்க யாரோ மறந்துவிட்டார்கள். வேலைக்காரர்கள் பதில் எழுதுவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. இருபதாம் நாள் காலையில் ரோஜாப்பூவுக்குக் கீழே மல்லிகாவின் குரல் வந்தது. மராட்டியில், இருபத்திரண்டு நொடி. அகல்யா எனக்கு அர்த்தம் சொன்னாள்.

“கிருஷ்ணஸ்வாமி சாஹேப், நமஸ்காரம். பத்தொன்பது நாளாக லிஃப்ட் ஓடவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்குக் கீழே வாருங்கள். நீங்களும் நானும் சேர்ந்து பதினோரு மாடி ஏறுவோம். போகிற வழியில் பேசிக்கொள்ளலாம்.”

கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு. மிரட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. எட்டு வருஷமாக நான் எழுதிய எல்லாவற்றையும்விட நல்ல அரசியல் பேச்சு அது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மதியத்துக்குள் அந்தக் குரல் சொசைட்டி முழுக்கச் சுற்றியது. எல்லோரும் ரசித்தார்கள். லிஃப்டும் இரண்டே நாளில் ஓடியது. மூன்றாம் நாள் காலை வாசலில் மல்லிகாவின் ஆறு இலக்க அனுமதி எண்ணைக் காவலாளி போனில் தட்டியபோது சிவப்பு விழுந்தது. எங்கள் சொசைட்டியில் பச்சை விழுந்தால்தான் உள்ளே வர முடியும். ‘ஒழுங்கு குறித்து பொதுக்குழு முடிவெடுக்கும் வரை’ நிறுத்திவைப்பு என்று காரணம் வந்தது. ஐந்து வீடும் ஒரே நாளில் போயிற்று. அவள் மகன் பன்னிரண்டாம் வகுப்பு, கணவன் இல்லை.

அவள் எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணா, மீட்டிங்ல நீங்க ஒரு வார்த்தை பேசுங்கண்ணா. அக்கா சொல்வாங்க, நீங்க இதெல்லாம் பத்திப் புஸ்தகத்துல எழுதுறீங்களாமே.”

“கண்டிப்பா பேசறேன்” என்றேன்.

தயாரானேன். ஒரு வாரம் குறிப்பு எடுத்தேன். ஏழு நிமிஷப் பேச்சு. சிங்கப்பூர் வரும், புடாபெஸ்ட் ட்ராம் வரும், மனித கண்ணியம் வரும், கடைசியில் மல்லிகா வருவாள். எல்லாம் ஹிந்தியில். என் ஹிந்தி ஆட்டோக்காரர்களிடமும் கஸ்டமர் கேர் பதிவுக் குரல்களிடமும் கற்றது. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்பதை மட்டும் பிழையில்லாமல் சொல்வேன். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தபோது அகல்யா எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு எதுக்கு? அவளைத் திரும்ப உள்ள விடுங்கோன்னு சொன்னாப் போறாதா?” என்றாள். பின்புலம் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று கோபித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குக் கிளப் ஹவுஸில் பொதுக்குழு. போதிய ஆள் சேரவில்லை என்று முறைப்படி அரைமணி நேரம் ஒத்திவைத்து, அதே இடத்தில் அதே ஆட்களோடு மறுபடியும் கூட்டினார்கள். வருஷாவருஷம் அப்படித்தான். அந்த அரைமணியில் பட்டாட்டா வடாவும் டீயும் உண்டு. கிருஷ்ணஸ்வாமி ஒவ்வொரு நாற்காலியாக வந்து நலம் விசாரித்தார். என்னிடம் வந்து, “அகல்யாவுக்கு மூச்சு இப்போ தேவலையா? குளிர்ல வெளியில விடாதே” என்றார். நான் எழுந்து நின்று, தேவலை மாமா என்றேன். குறிப்புத்தாளை அவர் பார்க்காதபடி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாவது தீர்மானம் எங்களுடையது. செயலாளர் மராட்டியில் படித்தார், அகல்யா எனக்கு முன்பே அர்த்தம் சொல்லியிருந்தாள். சொசைட்டியின் அமைதியைக் கெடுக்கும்படி பொதுவில் பேசும் பணியாளர்களின் அனுமதி நிரந்தரமாக ரத்து. முதல் பெயர் மல்லிகா. படித்து முடித்ததும் கிருஷ்ணஸ்வாமி கூட்டத்தைப் பார்த்து, “கோணாசா விரோத் ஆஹே கா?” என்று கேட்டார்.

எண்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் மல்லிகாவின் குரலைக் கேட்டு ரசித்தவர்கள். யாரும் அசையவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டே, “ஜாவூ தே நா” என்று முனகினார். போகட்டும் விடு என்று அர்த்தம். புனேயில் எந்தச் சச்சரவுக்கும் கடைசியில் போடும் மூடி அது. நான் எழுந்தேன். ஒலிவாங்கியை யாரோ கையில் திணித்தார்கள். அத்தனை முகங்களும் திரும்பின. தாளில் இருந்த எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஹிந்தி மொத்தமும் ஓடிப் போய்விட்டது. அந்த நேரத்தில் நான் என் அப்பாவுக்குப் பிள்ளையாக, பண்போடு ஆரம்பிக்க நினைத்தேன். எனக்கு யார் மேலும் விரோதம் இல்லை, ஆனால் என்று ஆரம்பிப்பதுதானே நம் மரியாதை. அதை அப்படியே ஹிந்தியாக்கிச் சொன்னேன்.

“மேரா கிஸீ ஸே விரோத் நஹீ ஹை, லேகின்…”

கைதட்டல். நான் எதிர்பார்க்கவே இல்லை. முன்வரிசையில் ஆரம்பித்து அரங்கம் முழுக்கத் தட்டினார்கள். கிருஷ்ணஸ்வாமி மேடையிலிருந்து கைகூப்பினார். நான் “மல்லிகா” என்று ஆரம்பித்தது எனக்கே கேட்கவில்லை. யாரோ என் கையிலிருந்து ஒலிவாங்கியை மென்மையாக வாங்கிக்கொண்டார்கள். பின்வரிசைக்காரர் முதுகில் தட்டி, சுருக்கமாக நன்றாகப் பேசினீர்கள் என்றார். உட்கார்ந்தேன். ஆறாவது தீர்மானம், நீச்சல்குளத்து ஓடுகளின் நிறம், தொடங்கிவிட்டது.

மனித மனசு எவ்வளவு வசதியான இடம் என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. வீட்டுக்கு நடந்துவரும் பத்து நிமிஷத்துக்குள் நான் பேசாத ஏழு நிமிஷத்தையும் பேசியதாகவே ஆகிவிட்டது. ஒரு வாக்கியம்தான் சொன்னேன், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தின் நேர்மை எல்லோரையும் தொட்டிருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் தட்டுகிறார்கள்? லிஃப்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

“பேசினியா?” என்றாள் அகல்யா.

“பேசிட்டேன். மொத்தக் கூட்டமும் கை தட்டித்து.”

“என்ன பேசினே?”

“சாராம்சத்தைச் சொன்னேன்” என்றேன்.

உடனே மல்லிகாவுக்குப் போன் செய்தேன். கவலைப்படாதீர்கள், பேசிவிட்டேன், எல்லோரும் கை தட்டினார்கள், நாளைக் காலை வாருங்கள் என்றேன். “சாமி மாதிரிண்ணா நீங்க” என்றாள். அந்தச் சொல்லை நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலுக்குப் போய் நின்றேன். அவள் பச்சை விழுந்து உள்ளே வருவதைக் கண்ணால் பார்க்க ஆசை. நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். காவலாளி எண்ணைத் தட்டினான். சிவப்பு. மறுபடி தட்டச் சொன்னேன். சிவப்பு. “அப்டேட் ஆகியிருக்காது, ஒரு நிமிஷம் இருங்க” என்றேன் மல்லிகாவிடம், நானே பிழை பார்த்த நிரல் மாதிரி.

வாசல் சுவரில் கூட்டக் குறிப்பு அதற்குள் ஒட்டப்பட்டிருந்தது. கிருஷ்ணஸ்வாமி வேலையைத் தள்ளிப்போடாதவர். பிளாஸ்டிக் உறை போட்ட இரண்டு தாள், மராட்டியில். மல்லிகா அதற்குக் கிட்டே போனாள். விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். ஐந்தாவது இடத்தில் விரல் நின்றது.

“அண்ணா, நீங்க மீட்டிங்ல இன்னா சொன்னீங்க? சொன்னத அப்பிடியே சொல்லுங்க.”

சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அய்யோ அண்ணா.”

“ஏன்?”

“இங்க விரோத்ன்னா பகை இல்லண்ணா. எனக்கு இது வேணாம், நான் ஒத்துக்கமாட்டேன்னு சொல்றதுதான் விரோத். அவரு யாருக்காச்சும் ஆட்சேபம் இருக்கான்னு கேட்டாரு. நீங்க எழுந்திருச்சி, எனக்கு ஆட்சேபம் இல்லன்னு சொல்லிட்டீங்க.” விரலை நகர்த்தி மேலே படித்தாள். “சூசக், செயலாளர். அனுமோதக், ஸ்ரீவத்சன், பி பதினொண்ணு நாலு. சர்வானுமதே மஞ்சூர்.”

அது என் பெயர், என் வீட்டு எண். “அனுமோதக்னா?”

“அவரு தீர்மானத்த சொன்னாரு. நீங்க ஆமாம்னு தாங்கிப் பிடிச்சீங்க. எல்லாரும் ஒத்துக்கினாங்க. அவ்ளோதான்.”

பிறகு சிரித்தாள். அடக்க முடியாமல், பூ குலுங்கச் சிரித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மணி ஆவுது, பஸ்ஸுக்குப் போறேண்ணா” என்று திரும்பி நடந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பாள். ஒரு வருஷமாக அவளை சமையலறையில் நின்ற இடத்தில்தான் பார்த்திருக்கிறேன், அவள் நடந்து பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. காவலாளி பார்க்கிறான் என்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

நேராகக் கிருஷ்ணஸ்வாமி வீட்டுக்குப் போனேன். வா வா என்று உட்காரவைத்து, தானே காபி கலந்து கொடுத்தார். ஆற்றிக் குடிக்கும்வரை காத்திருந்தார்.

“மாமா, நான் சொல்ல வந்தது வேற.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“எனக்கு யார் மேலயும் விரோதம் இல்லே, ஆனான்னு ஆரம்பிச்சே. எங்கப்பாவும் சண்டைக்குப் போறச்சே இப்படித்தான் ஆரம்பிப்பார். அந்த லேகினைக் கேட்டதுமே எனக்குப் புரிஞ்சுடுத்து.”

“அப்புறம் ஏன் மாமா அப்படி எழுதினேள்?”

“மினிட்ஸ் மராட்டியிலன்னா எழுதணும்? மராட்டியில நீ சொன்னதுக்கு அதான் அர்த்தம்.” அவர் குரலில் கிண்டலே இல்லை. “பாரு, நான் அந்தப் பொண்ணு மேல கோபப்படலை. கெட்டிக்காரி. ஆனா நூத்து நாற்பது பேர் வேலைக்கு வரா. நாளைக்கு ஆளாளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா சொசைட்டி நடக்குமா? உனக்குத் திருத்தணும்னா எழுதிக் கொடு. பதினஞ்சு நாள் டைம் இருக்கு, உனக்கு உரிமை இருக்கு. யார் வேண்டாம்னா?” வாசல்வரை வந்து வழியனுப்பினார். செருப்பை மாட்டும்போது கேட்டார்: “வண்டி மேல வெயில் படலையோன்னோ?”

“இல்லை மாமா” என்றேன். நன்றி என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

மூன்று நாள் உட்கார்ந்து ஆட்சேபக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், நாலு பக்கம். அகல்யா படித்துவிட்டு, “இதுல மல்லிகா எங்கே?” என்று கேட்டாள். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறாள் என்று காட்டினேன். அவள் பேனாவை எடுத்து முதல் இரண்டு பக்கத்தையும் நாலாம் பக்கத்தையும் மூன்றாவதில் பெரும்பகுதியையும் குறுக்கே அடித்தாள். மிச்சம் ஒரு பத்தி இருந்தது. படித்தால் எனக்கே பயமாக இருந்தது, அவ்வளவு நேராக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். உறையில் போட்டு ஒட்டினேன்.

அதைக் கொண்டுபோகும் முன் மல்லிகாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன்.

“நக்கோ அண்ணா. வேணாம்” என்றாள் உடனே. “ஹடப்சர்ல ஒரு சொசைட்டில வேலை சொல்லியிருக்காங்க. ஆறு வீடு. உங்க கடிதம் போனா என் பேரு மறுபடியும் சுத்தும். மேனேஜருங்க எல்லாம் ஒரே குரூப்ல இருக்காங்க. இப்பவே என்னமோ காதுல விழுந்திருக்கு அவுங்களுக்கு.”

“இது உங்களுக்கான கடிதம் மல்லிகா.”

“எனக்குன்னா அத நான்தான சொல்லணும்?” குரல் தணிந்தது. “முன்ன வேலை பார்த்த வூடுன்னு உங்க நம்பர குடுத்திருக்கேன். போன் பண்ணுவாங்க. நல்லா சமைப்பா, நேரத்துக்கு வருவான்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்கண்ணா. உங்க கால்ல வுழுறேன்.”

போனை வைத்தபோது என் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. கடிதம் கொடுக்க வேண்டாம். அவளே வேண்டாம் என்றுவிட்டாள். நான் என்ன செய்ய முடியும்? இதை எழுதவே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அன்று மதியம் நான் இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை பதினோரு மணிக்கு ஹடப்சர் மேனேஜர் கூப்பிட்டார். தேஜஸ் என்று பெயர் சொன்னார். இளம் குரல், மரியாதையான ஹிந்தி. ஆபீஸில் மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே வந்தேன்.

சமையல் எப்படி என்றார். பிரமாதம் என்றேன். நேரத்துக்கு வருவாளா என்றார். ஒருநாள் தாமதித்ததில்லை என்றேன். கை சுத்தமா என்றார். வீட்டுச் சாவியே அவளிடம்தான் இருந்தது என்றேன்.

“எல்லாம் சரி சார். ஒன்றே ஒன்று. கொஞ்சம் பேசுகிற ஆள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் கமிட்டிக்கு அது ஆகாது. நீங்கள் படித்தவர், உங்கள் வார்த்தையை நம்பி எடுத்துக்கொள்கிறேன். எப்படி, வாய் நீளமா?”

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் என் குழு எனக்காகக் காத்திருந்தது. ஆமாம், எனக்குத் தெரிந்தவர்களிலேயே பேசத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று சொல்ல ஆசையாக இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு ஆசையாக எதையும் சொல்ல நினைத்ததில்லை.

“இல்லவே இல்லை” என்றேன். “ரொம்ப சாது. ஒரு வருஷத்தில் அவள் குரலையே நான் கேட்டதில்லை.”

“போதும், அதுதான் வேண்டும்” என்றார் சந்தோஷமாக.

என் ஹிந்தியில் அன்று ஒரு பிழைகூட இல்லை.

மாலையில் மல்லிகா கூப்பிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்களாம், ஆறு வீடும் உறுதியாம். பின்னால் அவள் மகன் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

“அப்பிடி இன்னாண்ணா சொன்னீங்க என்னைப் பத்தி? அந்த ஆளு என்னை ஒரு கேள்வி கேக்கல.”

“நல்லா சமைப்பீங்கன்னு சொன்னேன்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“ரொம்ப நன்றிண்ணா” என்றாள். மனசாரச் சொன்னாள்.